தராசை எடு!

பெரிய மோட்டாரை மாட்டினால் ரோபோ நடந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது?

ஆறு கால் கிட் ஒன்றை ஆசை ஆசையாக வாங்குகிறாய். ராத்திரி கண்விழித்து ஸ்க்ரூ முடுக்குகிறாய். பதினெட்டு சர்வோ மோட்டாரையும் பூட்டி, வயரையெல்லாம் வரிசையாகச் செருகி மேசைமேல் நிறுத்துகிறாய். எழுந்து நிற்கிறது! வீட்டில் எல்லோரையும் கூப்பிடுகிறாய். அவர்கள் வந்து நின்றதும் முதல் அடி எடுத்து வைக்கச் சொல்கிறாய். கால்கள் வெடவெடவென்று நடுங்குகின்றன; வயிறு மேசையில் தட்ட, அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த நிமிடம் உன் கை போனுக்குப் போகிறது. இதைவிடப் பெரிய சர்வோ என்ன விலை, நல்ல போர்டு எது, அலுமினியச் சட்டம் கிடைக்குமா என்று தேட ஆரம்பிக்கிறாய்.

அந்தக் கையை நான் பிடித்து நிறுத்த வேண்டும். போனைக் கீழே வை. சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறதா? இல்லாவிட்டால் பக்கத்து மளிகைக்கடைக்குப் போ. உன் ரோபோவைத் தூக்கித் தட்டில் வை. எத்தனை கிராம்?

தெரியாது, இல்லையா? உன் கையால் பூட்டிய இயந்திரம் எவ்வளவு கனம் என்று உனக்கே தெரியாது. அதன் மோட்டார் போதாது என்று மட்டும் எப்படித் தெரிந்தது? கடைக்காரர் சொன்னார், சீனியர் சொன்னார், யாரோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். எல்லோர் பேச்சையும் கேட்டாய், மேசைமேல் உட்கார்ந்திருக்கும் அந்த ரோபோவை மட்டும் கேட்கவில்லை. உனக்குக் குறைவது பணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் கணக்கை நீயே நம்பாததுதான் உன் குறை. அதை இன்றைக்கே சரிசெய்வோம், வா.

சர்வோவின் பலத்தைக் கிலோ-சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பார்கள். பார்த்ததும் மிரளாதே. மாணவர் கிட்டுகளில் அதிகம் வரும் நீல நிறச் சின்ன சர்வோவான எஸ்.ஜி.90ஐ எடுத்துக்கொள். எடை 9 கிராம். 4.8 வோல்ட்டில் பலம் 1.8 கிலோ-சென்டிமீட்டர். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோ வரை தாங்கும் என்று பொருள். ஆறு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் தாங்குவது வெறும் 300 கிராம். நம்ப முடியவில்லையா? ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துப் பார். பிறகு அதையே கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார். உன் தோள் படுகிற பாட்டைத்தான் அந்த மோட்டாரும் படுகிறது.

தராசு 700 கிராம் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். ஆறு கால் ரோபோ வேகமாக நடக்கும்போது மூன்று காலைத் தூக்கும், மூன்று கால் தரையில் நிற்கும். உடனே 700ஐ மூன்றால் வகுத்து, ஒரு காலுக்கு 233 கிராம் என்று எழுதினாயா? பலரும் சறுக்கும் இடம் அதுதான். தரையில் நிற்கும் மூன்றில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கால், மறுபக்கத்துக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒற்றைக்கால் தன் பக்கத்துப் பாரத்தைத் தனியாகச் சுமக்கிறது. ஏறத்தாழ பாதி எடை, 350 கிராம். காலைத் தூக்கி இறக்கும் மூட்டிலிருந்து பாதம் 6 சென்டிமீட்டர் வெளியே நின்றால், 350 கிராமை 6ஆல் பெருக்கு. 2.1 கிலோ-சென்டிமீட்டர்!

உன் சர்வோவின் பலம் 1.8. தேவை 2.1. உட்காராமல் என்ன செய்யும்?

உனக்கு ராசி இல்லை என்றாயே, கை வரவில்லை என்றாயே, இதில் எங்கே இருக்கிறது ராசி? ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல் இது. கீழே விழுந்த ரோபோவைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவருக்குக்கூட அது ஏன் விழுந்தது என்று தெரியாது. உனக்கு இப்போது கிராம் கணக்கில் தெரியும். நிமிர்ந்து உட்கார்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த 1.8 என்பது மோட்டார் வேலை செய்யும் அளவு அல்ல. அதற்குமேல் திரும்ப முடியாமல் முக்கி நின்றுவிடும் அளவு. அந்த நிலையிலேயே வைத்திருந்தால் சுட்டுப் பொசுங்கும். நிதானமாக நடக்க வேண்டுமானால் அதில் பாதிக்குள் அடங்க வேண்டும். அதாவது உன் தேவையை 2.1லிருந்து 0.9க்குக் கொண்டுவர வேண்டும்; அல்லது மோட்டாரின் பலத்தை 4க்கு மேல் கொண்டுபோக வேண்டும்.

எல்லோரும் பாயும் வழி இரண்டாவது. பாய்ந்தால் என்ன ஆகும், பார். அடுத்த அளவில் எல்லோரும் வாங்குவது எம்.ஜி.996ஆர். 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-சென்டிமீட்டர், 6 வோல்ட்டில் 11. ஐந்து மடங்குக்கு மேல் பலம்! ஆனால் ஒன்றின் எடை 55 கிராம். பதினெட்டு வாங்கினால் 990 கிராம். பழைய ரோபோ முழுசாகவே 700 கிராம்தான் இருந்தது. இப்போது மோட்டார் மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. இவ்வளவு கனத்தைப் பழைய பிளாஸ்டிக் தாங்காது, அலுமினிய பிராக்கெட் வேண்டும். மோட்டார் பெரிதானதால் காலும் நீளும், பாதம் 8 சென்டிமீட்டர் வெளியே போகும். பேட்டரியும் பெரிதாக வேண்டும். எல்லாம் சேர்த்து 2 கிலோ என்று வை. ஒற்றைக்காலின் பங்கு 1 கிலோ. எட்டால் பெருக்கினால் 8.

பலம் 9.4. தேவை 8. ஆயிரக்கணக்கில் செலவழித்து மறுபடியும் விளிம்பில்தான் வந்து நிற்கிறாய். முன்பு வயிறு மேசையில் தட்டியது. இப்போது தட்டாமல் நடுங்குகிறது, அவ்வளவே. வாங்கிய பலத்தில் பெரும்பங்கை அந்த மோட்டார்களே தம்மைத் தூக்கிக்கொள்ளச் செலவழித்துவிட்டன.

சரி, முதல் வழிக்கு வா. நடையை மாற்று. மூன்று மூன்றாகத் தூக்குவதை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு காலைத் தூக்கச் சொல்லி நிரலைத் திருத்து. இப்போது ஐந்து கால்கள் தரையில் இருக்கும். கால் தூக்கிய பக்கத்தில் மீதி இரண்டு, மறுபக்கத்தில் மூன்று. அந்த இரண்டும் தம் பக்கத்துப் பாதி எடையைச் சமமாகப் பகிர்ந்தால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 175 கிராம். ஆறால் பெருக்கினால் 1.05. பாதி குறைந்துவிட்டது! இனி நிற்கும் நிலையைக் கொஞ்சம் ஒடுக்கு. பாதங்களை ஒரு சென்டிமீட்டர் உள்ளே இழுத்து 5 சென்டிமீட்டரில் ஊன்றச் சொல். 0.875. அதே சர்வோ, அதே சட்டம், அதே பேட்டரி. கடைப் பக்கமே நீ போகவில்லை. இப்போது பொத்தானை அழுத்து, அது நடக்கும்!

இலவசம் என்று சொல்ல மாட்டேன். வேகம் குறையும், எறும்பு ஊரும் வேகத்தில்தான் போகும். அகலம் குறைந்ததால் மேடுபள்ளத்தில் கவிழும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். போகட்டுமே! ஹோண்டா நிறுவனம் 1986இல் செய்த முதல் இரண்டு கால் இயந்திரத்துக்கு இ0 என்று பெயர். நேர்க்கோட்டில் மட்டுமே நடந்த அது, ஒரு அடி வைக்க 5 விநாடி எடுத்துக்கொண்டது. உலகப் பெரிய மோட்டார் நிறுவனம், கையில் பணம், வரிசையாகப் பொறியாளர்கள், அடிக்கு 5 விநாடி. அவர்கள் வெட்கப்படவில்லை. பத்து ஆண்டு கழித்து 1996இல் பி2 என்ற மனித உருவ ரோபோவை உலகத்துக்குக் காட்டினார்கள். உயரம் 182 சென்டிமீட்டர், எடை 210 கிலோ. அடுத்த ஆண்டே வந்த பி3 160 சென்டிமீட்டர், 130 கிலோ. ஒரே ஆண்டில் 80 கிலோவைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்! 2000இல் அசிமோ வந்தபோது உயரம் 120 சென்டிமீட்டராகியிருந்தது. பி2விலிருந்து அசிமோ வரை அவர்கள் இயந்திரம் சிறுத்துக்கொண்டே வந்தது. நீயோ அப்கிரேடு என்றாலே எதையாவது சேர்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் ரோபோவின் முதுகில் மினுக்கும் அந்த வண்ண விளக்கு வரிசை எத்தனை கிராம்? கழற்று அதை.

"அது ஹோண்டா, நான் எங்கே" என்று முனகுகிறாயா? அப்படியானால் கெங்கிஸ் கதையைக் கேள். 1989இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோட்னி புரூக்ஸ் குழுவினர் செய்த ஆறு கால் ரோபோ அது. காலுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு மோட்டார். என்ன மோட்டார்? பொழுதுபோக்குக்காக மாதிரி விமானம் விடுகிறவர்கள் பயன்படுத்தும் சர்வோ! எடை ஏறத்தாழ ஒரு கிலோ. எல்லாவற்றையும் யோசித்து ஆணையிடும் பெரிய மூளை அதற்குக் கிடையாது. ஒவ்வொரு காலுக்கும் சின்னச் சின்ன விதிகள், அந்த விதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில் நடை பிறந்தது. அறை நிறையக் கணினி வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அது சாமான்களின்மேல் ஏறிப் போனது. இன்று அது இருப்பது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தில். நீ "சின்ன மோட்டார்தானே" என்று மட்டமாகப் பேசும் அதே இனத்து மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

அதைவிட ஒரு படி மேலே போனவர் டாட் மெக்கீர். 1990இல் கனடாவில் இருந்தபடி அவர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். மோட்டாரே இல்லாத இரண்டு கால் கருவி, லேசான சரிவில் விட்டால் தன் எடையாலேயே மனிதனைப் போல் நடந்து இறங்கும். பேட்டரி இல்லை, சிப் இல்லை. காலின் நீளத்தையும் எடை எங்கே இருக்கிறது என்பதையும் பாதத்தின் வளைவையும் சரியாகத் தேர்ந்ததே அவர் வேலை. நடைக்கு மோட்டாரே வேண்டாம் என்று ஒருவர் காட்டிய பிறகும் "என் மோட்டார் போதாது" என்று நீ அழுதுகொண்டிருந்தால், நான் என்ன சொல்ல?

கணக்கைப் போட்ட பிறகும் சில நேரம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். வேகமாக நடக்க வேண்டும், முதுகில் ஒரு கேமரா ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டால் வாங்கு. ஆனால் பதினெட்டையும் மாற்றாதே. ஒரு காலில் மூன்று மூட்டு. உடம்போடு சேரும் மூட்டு காலை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. எடை அதன் அச்சைத் திருப்பப் பார்ப்பதில்லை. காலைத் தூக்கி இறக்கும் அடுத்த மூட்டுதான் அத்தனை பாரத்தையும் வாங்குகிறது. முட்டிக்குப் பாரம் எவ்வளவு என்பது பாதம் அதற்கு நேர்கீழே இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆக, அழும் மோட்டார்கள் ஆறுதான். நடந்து முடித்ததும் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார். எது சுடுகிறதோ அதை மாற்று. பதினெட்டு கேட்ட இடத்தில் ஆறு போதும் என்று சொல்லும் துணிச்சல் விரலைச் சுட்டுக்கொண்டவனுக்குத்தான் வரும்.

அந்த ஆறை வாங்கப் போகும்போது கடையில் "மெட்டல் கியர் போடுங்க தம்பி, செம ஸ்ட்ராங்" என்பார்கள். கவனி. எஸ்.ஜி.90க்கு மெட்டல் கியர் அண்ணன் எம்.ஜி.90எஸ். எடை 13.4 கிராம். 4.8 வோல்ட்டில் அதன் பலம்? அதே 1.8! உலோகப் பல் எளிதில் உடையாது. கீழே விழுந்து அடிபடும் ரோபோவுக்கு அது பெரிய நன்மைதான். ஆனால் பல் கெட்டியானதால் பலம் கூடிவிடாது. 6 வோல்ட் கொடுத்தால் 2.2 வரை போகும். பல் உடைகிறதா, பலம் போதவில்லையா என்று உனக்குத் தெரிந்திருந்தால் வாங்கலாமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்வாய். தெரியாவிட்டால் கடைக்காரர் முடிவு செய்வார்.

அடுத்த பேய் மின்சாரம். இதில் கண்ணீர் விட்ட பிள்ளைகள் கொஞ்சநஞ்சமல்ல. மேசையில் கேபிள் செருகி ஒரு காலை மட்டும் ஆட்டிப் பார்த்தால் அழகாக ஆடுகிறது. ஆறு காலும் சேர்ந்து அசைந்த கணத்தில் போர்டு அணைந்து மறுபடி எரிகிறது. மறுபடி முதலிலிருந்து. உடனே நிரலில் தப்பு என்று நினைத்து விடிய விடிய வரி வரியாகத் தேடுகிறாய். கிடைக்காது. தப்பு அங்கே இல்லை!

திரும்பாமல் முக்கி நிற்கும்போது ஒரு எம்.ஜி.996ஆர் 2.5 ஆம்பியர் இழுக்கும். பதினெட்டும் ஒரேயடியாக முக்கினால் 45 ஆம்பியர். அப்படி எல்லாம் சேர்ந்து முக்காது என்றே வைத்துக்கொள், மூன்றில் ஒரு பங்கு முக்கினால்கூட 15. சின்ன சர்வோவும் சிரமப்படும்போது அரை ஆம்பியரைத் தாண்டும். பதினெட்டுக்கு ஒன்பது, பத்து வந்துவிடும். சாதாரண யு.எஸ்.பி. வாயில் தருவது அரை ஆம்பியர். மின்னழுத்தத்தைக் குறைக்க மாணவர்கள் ஓடி ஓடி வாங்கும் எல்.எம்.2596 மாட்யூலின் உச்சமே 3 ஆம்பியர். இன்னும் சிலர் மல்டிமீட்டருக்குப் போடும் செவ்வக 9 வோல்ட் பேட்டரியைக் கட்டிவிட்டு ரோபோவைத் திட்டுகிறார்கள். 9 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதே. அந்தப் பேட்டரியின் உள்தடை அதிகம், இத்தனை மோட்டாருக்கு ஈடுகொடுக்க அதனால் முடியாது. மோட்டார்கள் இழுத்த இழுப்பில் மின்னழுத்தம் சரிகிறது, தனக்கு வேண்டிய அளவு கிடைக்காத சிப் தன்னைத்தானே அணைத்து மீண்டும் தொடங்குகிறது. அவ்வளவுதான் மர்மம்.

மல்டிமீட்டரை எடுத்து, ரோபோ அடி வைக்கும்போது சர்வோவுக்குப் போகும் சிவப்பு வயரில் அளந்து பார். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4க்குக் கீழே விழுந்து எழுகிறதா? விடை கையில் வந்துவிட்டது. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரைவிடப் பெரிய அப்கிரேடு இந்தப் பொழுதுபோக்கில் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். அது ரோபோவின்மேல் ஏறப்போவதில்லை, ஒரு கிராம்கூடக் கூட்டாது!

மோட்டாருக்குத் தனி மின்வழி, போர்டுக்குத் தனி மின்வழி, இரண்டின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இதை மட்டும் செய்தாலே பாதிப் பேய் ஓடிவிடும். பேட்டரிக்கு லிப்போ வாங்கினால் அதன்மேல் எழுதியிருப்பதைப் படி. 1500 மில்லி ஆம்பியர்-மணி, 20சி என்றிருந்தால் 1.5ஐ 20ஆல் பெருக்கு. 30 ஆம்பியர் வரை தரும் என்று அர்த்தம். இரண்டு செல் பேட்டரி 7.4 வோல்ட் என்று சொன்னாலும் முழுதாக ஏற்றினால் 8.4 இருக்கும். அதை நேராக 6 வோல்ட் சர்வோவுக்குக் கொடுத்தால் புகைதான் வரும். போதிய ஆம்பியர் தாங்கும் ரெகுலேட்டர் நடுவில் கட்டாயம். இங்கே மட்டும் வீரத்தைக் காட்டாதே. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதே. பேலன்ஸ் சார்ஜரில்தான் ஏற்று, ஏறும்போது பக்கத்தில் இரு, உப்பிய பேட்டரியைத் திரும்பத் தொடாதே. பயம் வேறு, ஜாக்கிரதை வேறு. இரண்டாவது இல்லாதவனை இந்தத் தொழிலில் யாரும் தைரியசாலி என்று சொல்ல மாட்டார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் நம்மை அதிகமாக அவமானப்படுத்தும். சர்வோவின் அச்சில் பல் பல்லாக இருக்கும், அதில் ஹார்ன் என்ற சின்னக் கை உட்கார வேண்டும். சாதாரண அளவு சர்வோக்களில் ஃபுடாபா வகைக்கு 25 பல், ஹைடெக் வகைக்கு 24, ஜே.ஆர். வகைக்கு 23. வெறும் ஒரு பல் வித்தியாசம். அமுக்கி ஏற்றினால் ஏறுவது போலவே இருக்கும், நாலு அடி நடந்ததும் வழுக்கும். வாங்கும்முன் பல் எத்தனை என்று கேள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஹார்னைப் பூட்டும் முன்பு சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும், 1.5 மில்லி விநாடித் துடிப்பு கொடுத்தால் நடுவில் நிற்கும். அப்படி நிறுத்தாமல் பூட்டியவர்களின் ரோபோதான் ஸ்விட்ச் போட்டதும் தன் காலைத் தானே முறுக்கிக்கொள்ளும்.

காலை ஒரு பக்கம் மட்டும் சர்வோ பிடித்திருக்கிறதா? மறுபக்கம் ஒரு சின்ன பேரிங் வைத்துத் தாங்கு கொடு. ஆட்டம் நின்று, அச்சின்மேல் சாய்வாக விழும் அழுத்தம் குறையும். பழைய மோட்டாரே புதிது போல வேலை செய்யும். பாதத்தில் ரப்பர் ஒட்டு. டைல்ஸில் வழுக்கிக்கொண்டே நடப்பதாக ஏமாற்றாமல் உண்மையிலேயே முன்னே போகும். 3டி பிரிண்டில் கால் அடித்தால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் எளிதாக வரும், ஆனால் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வேலூரில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உன் ரோபோ முட்டி மடங்கிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

போர்டு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அர்டுயினோ ஊனோ தன் வழக்கமான சர்வோ நிரலகத்தோடு பன்னிரண்டு சர்வோ வரை ஓட்டும். நாலு கால், காலுக்கு மூன்று என்றால் சரியாகப் பன்னிரண்டு, தாராளமாகப் போதும். ஆறு காலுக்கு பி.சி.ஏ.9685 என்ற சர்வோ பலகையை வாங்குவார்கள், அதில் பதினாறு வழி. பதினெட்டுக்கு இரண்டு குறையும்! இரண்டாவது பலகை ஒன்று வாங்கலாம். இல்லையென்றால் அந்த இரண்டை மட்டும் ஊனோவிலேயே நேராக மாட்டலாம். இதைப் பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டவனுக்குத்தான் தெரியும். கேமரா, செயற்கை நுண்ணறிவு, குரலுக்குக் கட்டுப்படுவது எல்லாம் பிறகு. நடக்காத ரோபோவுக்குக் கண் எதற்கு? நேராக நடக்கத் தொடங்கியதும் முதலில் எம்.பி.யு.6050 போன்ற ஒரு சாய்வு உணரியைச் சேர், தான் கவிழ்கிறோம் என்பது அதற்கே தெரியட்டும்.

விலை உயர்ந்த சர்வோவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. கொரியாவின் ரோபோட்டிஸ் நிறுவனத்தின் டைனமிக்ஸல் ஏ.எக்ஸ்-12ஏ போன்றவை தாம் எந்தக் கோணத்தில் நிற்கிறோம், எவ்வளவு பாரம் விழுகிறது, உடம்பு எவ்வளவு சுடுகிறது என்று திருப்பிச் சொல்லும். மூன்று வயர் சாதா சர்வோ வாயே திறக்காது. சொன்னதைச் செய்யும், முடியாவிட்டால் முக்கும். கால் கல்லில் இடறியதை ரோபோ தானே உணர்ந்து அடியை மாற்ற வேண்டும் என்ற நிலைக்கு நீ வந்துவிட்டால், அன்றைக்குக் காசைச் சேர்த்து அதை வாங்கு. ஒரு சர்வோவுக்கே ஆயிரக்கணக்கில் போகும். அது என்ன சொல்கிறது என்று கேட்டு, அதை வைத்து ஏதாவது செய்யத் தெரிந்தவன் கையில்தான் அந்தக் காசுக்கு மதிப்பு. பந்தாவுக்கு வாங்கியவன் ரோபோவும் அதே மேசையில் அதே மாதிரிதான் விழும்.

இனி, வீட்டுக்குள் வரும் குரல்கள். "இந்தப் பொம்மைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? மார்க் எடுக்கிற வழியப் பாரு" என்று சித்தப்பா சொல்வார். பெண் பிள்ளையாக இருந்தால், "சால்டரிங் அயர்ன் எல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று கூடுதலாக ஒன்று விழும். தங்கையே, பதில் சொல்லி மூச்சை வீணாக்காதே. அவர் வரும்போது ரோபோவைத் தராசில் வைத்து, "சித்தப்பா, இந்த ஒத்தக் காலுக்கு எவ்வளவு பாரம் விழும், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேள். அவர் மூன்றால் வகுப்பார். நீ பாதி என்று காட்டு. அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு மாறும்.

மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழையும்போது கூனிக் குறுகி நிற்காதே. "அண்ணா, ரோபோவுக்கு நல்ல மோட்டார் வேணும்" என்று கேட்பவனுக்கு அவர்கள் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். "6 வோல்ட்ல 4 கிலோவுக்கு மேல, 20 கிராமுக்குள்ள, மெட்டல் கியர், ஆறு பீஸ். டெஸ்டர்ல ஓட்டிக் காட்டுங்கண்ணா" என்று கேட்டுப் பார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உன்னைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். எஸ்.ஜி.90 என்ற ஒரே பெயரில் பலர் செய்து விற்கிறார்கள். அச்சடித்த பலம் எல்லாவற்றிலும் அப்படியே இருக்காது. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார், கரகரவென்று சத்தம் வருவதையும் நடுவில் நிற்காமல் துள்ளுவதையும் அங்கேயே திருப்பிக் கொடு. கேட்ட அளவில் சரக்கு இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பி வா. வெறுங்கையோடு திரும்பி வருவதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும், கணக்குப் போட்ட சீட்டு சட்டைப்பையில் இருந்தால் அது தானாக வரும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று போடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: மாற்றும் முன் எடை, பின் எடை, எந்த மோட்டார் சுட்டது, ஒரு மீட்டர் நடக்க எத்தனை விநாடி. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே. பேட்டரியையும் பாதத்தையும் ஒரே நாளில் மாற்றினால், நடை தேறியது எதனால் என்று உன்னாலும் சொல்ல முடியாது.

மேசையில் நடந்துவிட்டதா? தரைக்கு இறக்கு. டைல்ஸில் ஓடியதா? வாசல் சிமெண்ட்டுக்குக் கொண்டு போ. அங்கே இடறும், ஏனென்றால் காலை ஒரு சென்டிமீட்டர்தான் தூக்கச் சொல்லி வைத்திருப்பாய். இரண்டாக்கு. அடுத்து புல் தரை. அங்கே மூன்றும் போதாது. உயரத் தூக்கினால் ஒரு அடிக்கு ஆகும் நேரம் கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். எவ்வளவு சீக்கிரம்? அளந்து எழுது. அதையும் தாண்டினால் வாசற்படி இருக்கிறது. உன் வீட்டுப் படியின் உயரம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இருக்கும், உன் ரோபோவின் காலை முழுதாக நீட்டினாலே 12தான் வரும். காலை நீட்டினால் எடை கூடும், பாதம் வெளியே போகும், அந்த ஆறு மோட்டாரும் மறுபடி சுடும். நீட்டாமல் ஏறுவதற்கு வழி உண்டா? முன்னங்காலை மட்டும் நீட்டினால்? உடம்பைச் சாய்த்து ஏற்றினால் எந்தக் காலில் பாரம் எவ்வளவு விழும்? பேனாவை எடு, போடு கணக்கை!